முதல் 50 லட்சம்: அரசின் ஆராய்ச்சி மானியம் ஒரு தொழிலை எங்கே தூக்கிவிடுகிறது?

2014 பிப்ரவரி. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு இளைஞர்கள் மின்சார ஸ்கூட்டர் செய்யும் முயற்சியில் இருந்தார்கள். பேட்டரி மட்டும் செய்து விற்பதாகத்தான் முதலில் யோசனை. பிறகு வண்டியையே செய்துவிடலாம் என்று துணிந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு 45 லட்சம் ரூபாய் விதைப்பணம் கிடைத்தது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குக் கீழ் உள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், ஐஐடி, தனியார் முதலீட்டாளர் ஒருவர் என மூன்று தரப்பும் சேர்ந்து போட்ட பணம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃப்ளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர் போட்டார்கள். 2015இல் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர் போட்டது. 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் வந்தது. பிறகு ஓசூரில் ஆலை. 2025 மே மாதம் ஏத்தர் எனர்ஜி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இந்த வரிசையைப் படிக்கும் யாருக்கும் ஒரு முடிவு தானாகத் தோன்றும்: அரசு விதை போட்டது, மரம் வளர்ந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'போட்டது', 'வளர்ந்தது' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே 'அதனால்' என்ற சொல்லை எந்த ஆதாரமும் இல்லாமல் நாமே நுழைத்துவிடுகிறோம். அந்த 45 லட்சம் வராமல் போயிருந்தால் அவர்கள் கடையைக் கட்டியிருப்பார்களா? அல்லது வேறு யாராவது அதே தொகையைக் கொடுத்திருப்பார்களா? ஒரே ஒரு கம்பெனியின் கதையை எத்தனை முறை படித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. பணம் வாங்கியும் காணாமல் போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. பணம் கிடைக்காமலே வளர்ந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அரசுப் பணம் தொழிலை வளர்க்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. யாருக்கு, எந்தக் கட்டத்தில், என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே விளைவு மாறுகிறது. கடந்த 25 ஆண்டுகளில் பொருளியலாளர்கள் இதைப் பொறுமையாகத் தோண்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: தொழில் பிறக்கும் நேரத்தில் கிடைக்கும் சின்னத் தொகை செய்யும் வேலையை, பின்னால் வரும் பெரிய தொகை செய்வதில்லை.

அரசு ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரு கம்பெனி ஆராய்ச்சி செய்து ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் பலன் முழுவதும் அந்தக் கம்பெனிக்கே போய்ச் சேராது. போட்டியாளர் பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார். அங்கே வேலை பார்த்த பொறியாளர் நாளை வேறு இடத்துக்குப் போவார், கற்றதையும் கொண்டு போவார். விலை குறைந்தால் வாடிக்கையாளருக்கு லாபம். ஆராய்ச்சியால் சமூகத்துக்குக் கிடைக்கும் ஆதாயம், அதைச் செய்த கம்பெனிக்குக் கிடைப்பதைப் போல இருமடங்காவது இருக்கும் என்று நிக்கோலஸ் ப்ளூம், மார்க் ஷாங்கர்மன், ஜான் வான் ரீனன் மூவரும் 2013இல் அமெரிக்க நிறுவனங்களின் தரவை வைத்துக் கணக்கிட்டார்கள். பலனில் பாதி வெளியே போகும் வேலையில் தனியார் தயங்கித்தான் பணம் போடுவார்கள். அந்தத் தயக்கத்தை ஈடுகட்டவே அரசு மானியம்.

ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1993இல் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய நிறுவனம். மேலே சொன்ன அதே தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் 1996இல் உருவானதும் கடன் கொடுத்துத் தாங்கிய தொடக்ககால நிறுவனங்களில் இதுவும் ஒன்று. 1997இல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்து விட்டார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த ஊசியின் விலை நூற்றுக்கணக்கான ரூபாய். அடுத்த ஆண்டே பாரத் பயோடெக் தன் ஊசியோடு வந்தது. வேறு நிறுவனங்களும் வந்தன, விலை மளமளவென்று இறங்கியது. சாந்தாவுக்கு இதில் லாபம்தான். ஆனால் அதன் பெயரையே கேள்விப்படாத குழந்தைகளுக்கும் போட்டி நிறுவனங்களுக்கும் கிடைத்த பலனை எந்த ஆண்டறிக்கையும் காட்டாது. மானியத்தின் வெற்றியை, வாங்கிய கம்பெனியின் விற்பனையை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வரிச் சலுகை கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இந்தியாவில் ஆராய்ச்சிச் செலவுக்கு 200 சதவீதக் கழிவு இருந்தது. 2017இல் அது 150 ஆகி, 2020இல் 100 ஆகிவிட்டது. சலுகை எவ்வளவாக இருந்தாலும், வரி கட்டும் அளவுக்கு லாபம் வரும் கம்பெனிக்குத்தான் உதவும். இன்னும் ஒரு பொருள்கூட விற்காத இளம் நிறுவனத்துக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. வங்கிக்குப் போனால் பட்டா கேட்பார்கள், மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். மேசை மேல் கிடக்கும் பாதி முடிந்த சர்க்யூட் போர்டை எந்த மேலாளரும் அடமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார். தனியார் முதலீட்டாளரோ வேலை செய்யும் பொருளைக் கண்ணால் பார்த்தபின் வரச் சொல்வார். பொருளைச் செய்யப் பணம் வேண்டும், பணம் வேண்டுமானால் பொருள் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மானியம் வேண்டியிருக்கிறது.

கட்ஆஃபுக்கு இருபுறமும்

சரி, 'அதனால்' என்பதை எப்படி நிரூபிப்பது? மானியம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டால், பெற்றவர்கள் நன்றாக வளர்ந்திருப்பார்கள். ஆனால் நல்ல கம்பெனி என்று பார்த்துத்தானே கொடுத்தார்கள்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்ட பள்ளி, நூறு சதவீதத் தேர்ச்சிக்குத் தன் ஆசிரியர்களே காரணம் என்று சொல்வது போலத்தான் அது.

நம் ஊரில் பொறியியல் கலந்தாய்வு பார்த்தவர்களுக்கு அடுத்த யோசனை எளிதில் புரியும். ஒரு கல்லூரியில் கட்ஆஃப் 187.5 என்று வைத்துக்கொள்வோம். 187.5 எடுத்தவருக்கு இடம் கிடைத்தது, 187 எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஒரு கணக்கில் ஒரு கூட்டல் பிழை, அவ்வளவுதான். ஆகவே பத்து வருடம் கழித்து அந்த இருவரின் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு தெரிந்தால், அதற்கு அந்தக் கல்லூரிதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சப்ரீனா ஹோவல் இதைத்தான் செய்தார். அமெரிக்காவில் எஸ்பிஐஆர் என்றொரு திட்டம் உண்டு. 1970களின் பின்பாதியில் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி சிறிய அளவில் தொடங்கி வைத்தது. 1982இல் ரீகன் கையெழுத்திட்டு எல்லாப் பெரிய துறைகளுக்கும் சட்டமாக்கினார். ஆராய்ச்சிக்கு வெளியாருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். தொடக்கத்தில் 0.2 சதவீதமாக இருந்த பங்கு 2017இல் 3.2 சதவீதமானது. குவால்காம், சைமன்டெக், ஐரோபோட் எல்லாம் தங்கள் தொடக்க நாட்களில் இந்தப் பணத்தைத் தொட்டவை.

மானியம் இரண்டு கட்டம். ஹோவல் ஆராய்ந்த எரிசக்தித் துறையில் முதல் கட்டம் 1.5 லட்சம் டாலர், யோசனை வேலை செய்யுமா என்று பார்க்க. அதில் தேறியவர்கள் விண்ணப்பித்தால் இரண்டாம் கட்டம் 10 லட்சம் டாலர். விண்ணப்பித்த நிறுவனங்களை அதிகாரிகள் வரிசைப்படுத்தி மதிப்பிடுவார்கள். பணம் எத்தனை பேருக்குப் போதுமோ அந்த இடத்தில் கோடு விழும். 1983 முதல் 2013 வரை விண்ணப்பித்த 7,400க்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களின் ரகசியத் தரவரிசையை ஹோவல் கேட்டு வாங்கினார். கோட்டுக்கு ஒட்டி மேலே இருந்தவர்களையும் ஒட்டிக் கீழே இருந்தவர்களையும் எடுத்து, பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடினார். ஆய்வு 2017இல் வெளியானது.

முதல் கட்ட மானியம் கிடைத்த நிறுவனத்துக்குப் பின்னால் வென்ச்சர் கேப்பிட்டல் எனப்படும் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக உயர்ந்தது. ஏறக்குறைய இருமடங்கு. எதையாவது விற்று வருமானம் பார்க்கும் வாய்ப்பும் இருமடங்கானது. காப்புரிமைகளும் கூடின. இளம் நிறுவனங்களுக்கும், புதிய தொழில்நுட்பத்தில் இறங்கியவர்களுக்கும், கையில் காசில்லாதவர்களுக்கும்தான் பலன் மிக அதிகம்.

இரண்டாம் கட்டத்தின் 10 லட்சம் டாலருக்கு என்ன பலன்? காப்புரிமைகளில் சிறிதளவு கூடுதல். முதலீடு கிடைப்பதில் எந்த மாற்றமும் இல்லை. முதல் கட்டத்தில் வென்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களில் பலருக்கு அதற்குள் தனியார் பணம் வந்துவிட்டது. நல்ல குதிரைகள் பந்தயத்தைவிட்டு முன்னாலேயே போய்விட, மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் பெரிய பணம் போய்ச் சேர்கிறது.

அரசு கொடுத்தது என்ற முத்திரையைப் பார்த்துத்தான் முதலீட்டாளர்கள் வந்தார்களா? பலரும் அப்படி நம்புகிறார்கள். ஹோவலின் கணக்கு வேறு பக்கம் கை காட்டுகிறது. முத்திரைதான் காரணம் என்றால் மேலும் கடினமான போட்டியில் வென்று பெறும் இரண்டாம் கட்டத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்க வேண்டும். முதல் பணத்தை வைத்து நிறுவனங்கள் ஒரு முன்மாதிரியைச் செய்துபார்த்தன, அது ஓடியது, ஓடியதைப் பார்த்து முதலீட்டாளர் வந்தார். இதுதான் அவர் எடுத்த முடிவு.

கணபதியில் ஒரு மோல்டு

இந்த முடிவு காகிதத்தில் படித்தபோது சரி என்று தலையாட்டினேன். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு சிறிய பட்டறைக்குப் போனபோதுதான் உள்ளே இறங்கியது. பம்புசெட்டுக்கான கட்டுப்பாட்டுக் கருவி செய்கிற இளைஞர். கிணற்றில் தண்ணீர் வற்றினாலும், மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் மோட்டார் எரிந்துபோகாமல் நிறுத்தும், விவசாயியின் போனுக்குத் தகவல் அனுப்பும். சொல்லக் கேட்டால் எளிது. ஊருக்கு ஊர் மின்னழுத்தம் ஏறி இறங்கும் விதம் வேறு வேறு என்பதால் அதைச் சரியாகச் செய்ய அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மேசை மேல் மூன்று பெட்டிகள் வரிசையாக இருந்தன. முதலாவது கடையில் வாங்கிய சாதாரண சுவிட்ச் பெட்டி, துளை போட்டு உள்ளே போர்டை வைத்து எம்-சீல் பூசியது. இரண்டாவது 3டி பிரிண்டரில் எடுத்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு கோடைக்காலம் வெயிலில் இருந்து மூலை வளைந்துபோயிருந்தது. மூன்றாவது மோல்டு போட்டு எடுத்த சரியான பெட்டி. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், உள்ளே தண்ணீர் போகாது. "இந்த மோல்டு மட்டும் மூணு லட்சம் சார். ஒரு பெட்டி எடுத்தாலும் மூணு லட்சம், பத்தாயிரம் எடுத்தாலும் மூணு லட்சம். கடன் வாங்கிப் போட மனசு வரல. பிரயாஸ் பணம் வந்த அன்னிக்கே டை மேக்கர்கிட்ட அட்வான்ஸ் கொடுத்துட்டேன்," என்றார்.

பிரயாஸ் என்று அவர் சொன்னது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி' (NIDHI) என்ற திட்டத்தில் முன்மாதிரி செய்யக் கொடுக்கும் மானியம். உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். ஒரு பெரிய கம்பெனிக்கு அது ஒரு கண்காட்சி அரங்குக்குக்கூடப் போதாத தொகை. இவருக்கு அந்த மூன்றாவது பெட்டியே அதுதான். இரண்டாவது பெட்டியைக் காட்டியபோது சிரித்து அனுப்பிய பம்பு தயாரிப்பாளர், மூன்றாவதைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நூறு எண்ணம் கொடு என்றாராம்.

அதே பணத்தில் பட்ட அவதியையும் சொன்னார். மூன்றாவது தவணை ஏழு மாதம் தாமதம். முந்தைய தவணைக்கான யூசி, அதாவது பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று ஆடிட்டர் கையெழுத்திட்டுத் தரும் சான்று, அலுவலகத்தில் எங்கேயோ ஒரு கோப்பில் நின்றுவிட்டது. அதற்குள் உடன் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். பொதுப்பணம் என்றால் கணக்கு கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஏழு மாதத் தாமதம் என்பது ஒரு ஆள் போவது. அந்த ஆளோடு இரண்டு வருடப் பழக்கம் போவது. மானியத்தின் அளவைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியாவது அதன் வேகத்தைப் பற்றி நடந்தால் நன்றாக இருக்கும்.

எங்கே பலிப்பதில்லை

எல்லா மானியமும் இப்படிப் பலன் தருவதில்லை. ஸ்காட் வால்ஸ்டன் 2000இல் வெளியிட்ட ஆய்வில் அதே எஸ்பிஐஆர் திட்டத்தைப் பார்த்து நேர்மாறான முடிவுக்கு வந்தார். அரசு ஒரு டாலர் கொடுத்தால் கம்பெனி ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்த தன் பணத்தில் ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டது. மொத்த ஆராய்ச்சி அப்படியே இருந்தது. பணம் வேறு பையிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலத்தில் நடந்தது இதைத் தெளிவாக்கும். பொலோன்யாவைத் தலைநகராகக் கொண்ட பகுதி. பேக்கிங் இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் பேர்போனது, சிறு குறு தொழில்கள் அடர்ந்த இடம். நம் கோயம்புத்தூரைப் போல என்று சொன்னால் தவறில்லை. அங்கே அரசு ஆராய்ச்சி மானியம் கொடுத்தது. விண்ணப்பங்களுக்கு நிபுணர் குழு மதிப்பெண் போட்டது, 75 எடுத்தால் பணம். ப்ரொன்சினி, இயாகினி என்ற இரு பொருளியலாளர்கள் கோட்டுக்கு இருபுறமும் உள்ளவர்களை ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மானியத்தால் முதலீடு கூடவில்லை. பிரித்துப் பார்த்தபோது சிறிய நிறுவனங்கள் வாங்கிய தொகை அளவுக்கு முதலீட்டைக் கூட்டியிருந்தன. பெரியவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. எப்படியும் செய்யவிருந்த வேலையை அரசுச் செலவில் செய்துகொண்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு சிக்கல், மானியம் வாங்குவதையே தொழிலாக்கிக்கொள்வது. விண்ணப்பம் எழுதுவது ஒரு தனிக் கலை. யார் எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறார்கள், எந்தப் படிவத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்று பிடிபட்டுவிட்டால் வருடா வருடம் வாங்கலாம். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கு மானிய ஆலைகள் என்றே பெயர் உண்டு. நூற்றுக்கணக்கில் வாங்கியவை இருக்கின்றன. முதல் மானியத்தில் கிடைக்கும் பலன் அடுத்தடுத்த மானியங்களில் தேய்ந்துகொண்டே போகிறது என்று ஹோவலும் கண்டார். அவருக்கு முன்பே, 1999இல், ஹார்வர்டின் ஜாஷ் லெர்னர் 1,435 நிறுவனங்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தும் இதையேதான் சொன்னார். மானியம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட வேகமாக வளர்ந்தார்கள், ஆனால் பலமுறை பெற்றதால் கூடுதல் வளர்ச்சி இல்லை.

லெர்னர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. மானியம் பெற்றவர்களின் வேகமான வளர்ச்சி, ஏற்கெனவே துணிகர முதலீட்டாளர்கள் புழங்கும் ஊர்களில் மட்டுமே தெரிந்தது. மற்ற இடங்களில் மானியம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே இல்லை. முதல் பணம் ஒரு பாலத்தைக் கட்டுகிறது, அக்கரையில் யாரும் நிற்காவிட்டால் பாலம் கட்டி என்ன செய்வது? சென்னையில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கும் நிறுவனத்துக்கு அடுத்த முதலீட்டாளர் அடுத்த மாடியில் வந்து உட்காருவார். திருநெல்வேலியில் அதே 10 லட்சத்தை வாங்கியவர் மூன்றாவது பெட்டியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்? கணபதி இளைஞருக்குப் பக்கத்துத் தெருவிலேயே பம்பு கம்பெனி இருந்தது. முதலீட்டாளர் இல்லாத ஊரில் வாடிக்கையாளராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இளம் நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டர் மையத்தை மாவட்டத்துக்கு ஒன்றாகத் திறப்பதைவிட, திருப்பூரில் சாயக்கழிவு, சிவகாசியில் அச்சுத்தொழில், நாமக்கல்லில் கோழிப்பண்ணை என்று அங்கங்கே உள்ள தொழிலோடு மானியத்தைக் கோப்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

எதைச் செய்ய வேண்டும் என்று அரசே சொல்லி மானியம் கொடுப்பது நல்லதா, நிறுவனங்களிடம் கேட்டுக் கொடுப்பது நல்லதா? அமெரிக்க விமானப்படை இதற்கு எதிர்பாராத ஒரு பரிசோதனைக் களமாகிவிட்டது. அவர்களுடைய எஸ்பிஐஆர் அறிவிப்புகள் நெடுங்காலமாக இன்ன அளவில் இன்ன கருவி வேண்டும் என்று நுணுக்கமாகக் கேட்பவை. 2018இல் ஒரு புதிய வழியையும் சேர்த்தார்கள்: உங்களிடம் என்ன இருக்கிறது, எங்களுக்கு அது எப்படிப் பயன்படும், நீங்களே சொல்லுங்கள். ஹோவலும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். திறந்த அழைப்பில் வென்ற நிறுவனங்களுக்குத் தனியார் முதலீடும் கூடியது, அவர்களுடைய தொழில்நுட்பம் ராணுவத்துக்குள் போகும் வாய்ப்பும் கூடியது. பழைய முறையில் வென்றவர்களுக்கு ஒரே ஒன்றுதான் கூடியது, இன்னொரு மானியம் வாங்கும் வாய்ப்பு.

அதே 2018இல், ஏப்ரல் மாதம், மாமல்லபுரம் அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் இந்தியாவின் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம், அதற்கு இணையாக நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். படைகள் குறிப்பிட்ட சிக்கலைச் சொல்லித் தீர்வு கேட்கும் போட்டிகளும் இதில் உண்டு, திறந்த அழைப்பும் உண்டு. எது எவ்வளவு பலன் தந்தது என்று இங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்க அருமையான வாய்ப்பு கையில் இருக்கிறது.

நம் பணம் எங்கே நிற்கிறது

2020-21 கணக்குப்படி இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டியும் இஸ்ரேல் 6 சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. நம் செலவில் தனியாரின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். முன்னேறிய தொழில் நாடுகளில் பெரும்பகுதியைப் போடுவதே தனியார்தான்.

தொடக்கக் கட்டத்துக்கு நம்மிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. உயிரித் தொழில்நுட்பத்துக்கு 2012இல் அமைந்த பைராக் என்ற மத்திய அரசு நிறுவனம், பிக் என்ற பெயரில் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. பிரயாஸ் 10 லட்சம். 2021இல் வந்த ஸ்டார்ட்-அப் இந்தியா விதைநிதியின் மொத்த ஒதுக்கீடு 945 கோடி, முன்மாதிரிக்கு நிறுவனத்துக்கு 20 லட்சம் வரை. இவற்றின் வடிவம் ஹோவல் காட்டிய முதல் கட்டத்துக்கு மிக நெருங்கியது. சின்னத் தொகை, இளம் நிறுவனம், முன்மாதிரி. மருத்துவக் கருவியும் தடுப்பூசியும் செய்யும் பல இளம் நிறுவனங்களிடம் கேளுங்கள், முதல் பெயராக பிக் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது மிகப் பெரிய தொகை ஒன்று வந்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்க நிதிக்கு ஒப்புதல் அளித்தது. குறைந்த வட்டி அல்லது வட்டியில்லா நீண்டகாலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் கொடுப்பார்கள். மானியமாகக் கொடுப்பதில்லை. தொழில்நுட்பத் தயார்நிலையை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் அளவுகோலில், நான்காம் படியைத் தொட்டவர்களுக்குத்தான். நான்காம் படி என்றால் ஆய்வகத்தில் பொருள் வேலை செய்து காட்டியாயிற்று என்று அர்த்தம்.

இந்த நிதியை நான் வரவேற்கிறேன். ஆலை போட, பெரிய அளவில் சோதனை செய்ய நீண்டகாலப் பணம் நம் நாட்டில் கிடைப்பதே இல்லை. ஆனால் ஒரு கவலை. பெரிய தொகை முழுவதும் நான்காம் படிக்கு மேலே நிற்கிறது. அதற்குக் கீழே, எம்-சீல் பூசிய பெட்டியிலிருந்து ரப்பர் வளையம் போட்ட பெட்டி வரைக்கும் உள்ள தூரத்துக்கு, இருப்பதோ சில நூறு கோடிகள். எங்கே ஒரு ரூபாய் அதிகம் மாற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றனவோ அங்கே நாம் விரல்விட்டு எண்ணிக் கொடுக்கிறோம். 1 லட்சம் கோடியில் வெறும் 1 சதவீதம் 1,000 கோடி. 10 லட்சம் வீதம் கொடுத்தால் 10,000 முன்மாதிரிகள். அவற்றில் பாதிக்கு மேல் தோற்கும், தோற்க வேண்டும். பத்து லட்சத்தில் தோற்பது பத்துக் கோடியில் தோற்பதைவிட எல்லோருக்கும் நல்லது.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குச் செலவே இல்லை. நம் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் எத்தனை நிறுவனங்களுக்குக் கொடுத்தோம், எத்தனை வேலைகள் உருவாயின என்று இருக்கும். மறுக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவற்றில் வராது. குழு போட்ட மதிப்பெண்களைப் பத்திரமாக வைத்து, பெயரை நீக்கி ஆய்வாளர்களிடம் கொடுத்தால் போதும். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே நின்றவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறை முப்பது வருடத் தரவரிசையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவும் தெரியவந்தது.

கணபதியிலிருந்து கிளம்பும்போது அந்த இளைஞரிடம், உங்களுக்குக் குழு எவ்வளவு மதிப்பெண் போட்டது என்று கேட்டேன். தெரியாது என்றார். அதே நாளில் நேர்காணலுக்கு வந்த இன்னொருவர், தேங்காய் உரிக்கும் இயந்திரத்தோடு வந்தவர், தேறவில்லை என்று மட்டும் தெரியும். உடுமலைக்காரராம். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, போன் நம்பரை வாங்கி வைக்காமல் விட்டுவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.